வழி மறியாது வழி காத்த வீரர்: ஜில் வில்நேவ்

விழா மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, இத்தகைய ஏடுகளிலே இடம்பெறத்தக்க பெரியார் யாவரும் முன்னரே எழுதப்பட்டுவிட்டனரே என்னும் மலைப்பு எனக்கு உண்டாயிற்று. நாவலர் பெருமானைப் பற்றியும் விபுலாநந்த அடிகளைப் பற்றியும் எழுதுதற்கு என்னினும் வல்லார் நம் பழைய மாணவரிடையே பலர் உளர். கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர் என் வாழ்நாளிற் பெரும்பகுதியை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக் காரியாலயத்திலே கணக்கேடுகளோடு கழித்தவன் யான். அங்கு நான் கண்டதும் கேட்டதும் வேறு. ஆதலின், இம்மலருக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவர் புலவருமல்லர், துறவியுமல்லர், காரோட்டி. கற்றறிந்த ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக.

சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்குப் புதுக்கோலம் ஒன்று வந்துவிடும். கொழும்பு வெயிலுக்கு ஆற்றாதார் ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள அந்நகரின் குளிரை நாடிக் கூட்டங்கூட்டமாக வந்து சேருவர். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் ஒருபுறம் நிகழ, மற்றொருபுறம் மகாகஸ்தோட்டைத் தோட்டத்து வீதியிலே கார்கள் உறுமும். அங்கு மலையேற்றக் காரோட்டப் போட்டி முதன்முதல் நடைபெற்றது 1934 ஆம் ஆண்டில். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேட்டிலே நின்று பார்ப்பதும், பிள்ளைகள் மரக்கிளைகளில் தொங்குவதும், முடக்குகளிலே புழுதி எழுவதும் இன்றும் என் கண்முன்னே நிற்கின்றன. ஆயினும் அப்போட்டியில் ஒரு குறை உண்டு. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே விடப்படும். ஓட்டுபவருக்குப் பகைவன் கடிகாரமே. பின்னால் வருபவன் முந்துவானோ என்னும் அச்சமும் அவனைத் தடுத்தற்குரிய சூழ்ச்சியும் அங்கே தேவையில்லை.

முந்துதல், முந்தவிடாது காத்தல் என்னும் இரண்டும் பலர் ஒருங்கே ஓடும் பந்தயத்திற்கே உரியவை. அவற்றுள் முந்துதலை உலகம் புகழும். காத்தலையோ பலர் இழிவாக எண்ணுவர். வழிமறிப்பு என்று பெயரிட்டு ஒதுக்குவர். இது பொருந்தாது. நம் கல்லூரி மைதானத்திலே, கடைசி மணி நேரத்தில், வெற்றிக்குரிய ஓட்டம் எட்டாத தொலைவில் இருக்க, ஒவ்வொரு பந்தையும் துடுப்பின் நடுவிலே வாங்கித் தரையிற் படுத்திய துடுப்பாட்டக்காரனை நாம் தோளிலே தூக்கிக்கொண்டு வந்ததில்லையா? வடபகுதி மாட்டுவண்டிச் சவாரியைப் பார்த்தவர்கள் மற்றொன்றும் அறிவார்கள். தன் காளைகளை நேரே பிடித்து முன்னிடத்தைக் காப்பவன் சவாரிக்காரன். பக்கத்து வண்டியின் பாதையிற் புகுந்து அதைக் குலைப்பவனை ஊர் மதிப்பதில்லை.

இக்கலையின் நுட்பத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒரு முடக்கை மிக விரைவாகக் கடக்க விரும்புபவன் வீதியின் வெளியோரத்திலிருந்து தொடங்கி, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்திற்கு விரிந்து செல்வான். இராம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளிலே எதிரில் வண்டி இல்லையென்று கண்ட லொறிச் சாரதி செய்வதும் இதுவே. பின்னால் வருபவன் முந்த நினைத்தால், முடக்குக்கு முன் பிறேக் பிடிக்கும் இடத்திலே உள்ளோரத்திற் புகுந்து முன்னவனின் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். முன்னவன் அவ்வுள்ளோரத்தைத் தானே முதலிற் பற்றிக்கொண்டால் பின்னவனுக்கு இடமில்லை. ஆனால் உள்ளோரமாகப் புகுந்தவன் வளைவைக் குறுக்கித் திருப்பவேண்டியிருத்தலின் வெளியேறும்போது வேகம் குன்றும். அடுத்த நேர்வீதியிலே அதற்குரிய விலையைக் கொடுப்பான். காத்தல் என்பது எங்கே எவ்வளவு விலை கொடுப்பது, எங்கே கொடாமலிருப்பது என்று ஒவ்வொரு கணமும் கணிக்கும் கணக்கு. பின்னவன் ஒரு பக்கத்தைத் தெரிந்து புறப்பட்டபின் அவன்முன் குறுக்கே விழுதல் கணக்குமன்று, கலையுமன்று. பிற்காலத்திலே போர்முலா வன் விதிகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தன. காப்பவன் ஒருமுறை மாத்திரமே தன் தடத்தை மாற்றலாம். மீண்டும் பழைய தடத்துக்குத் திரும்புவானாயின் ஒரு கார் செல்லத்தக்க இடம் விடவேண்டும்.

விதி எழுதப்படுமுன்னரே அவ்வண்ணம் ஓட்டிக் காட்டியவர் கனடா நாட்டு ஜில் வில்நேவ். விந்தை யாதெனில், அவர் தம் காலத்திலே அடக்கமற்ற முரட்டு ஓட்டத்துக்கே பெயர் பெற்றிருந்தார் என்பதாம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்திலே மொன்றியல் நகரை அடுத்த சென் ஜோன் என்னும் ஊரில் 1950 ஆம் ஆண்டு சனவரி 18 இல் அவர் பிறந்தார். வளர்ந்தது பேர்த்தியேவில் என்னும் சிற்றூரில். தந்தையார் பியானோ வாத்தியங்களுக்குச் சுருதி கூட்டுந் தொழிலினர். மைந்தரும் எக்காளம் பயின்றார். இசைவீட்டிற் பிறந்த பிள்ளையின் காது எஞ்சினின் ஓசையிலேயே நிலைத்தது. ஆண்டில் பல மாதம் உறைபனி மூடிக் கிடக்கும் அந்நாட்டிலே, பனியின்மேல் சறுக்கி ஓடும் இயந்திர வண்டிகளைக் கொண்டு பந்தயம் விடுவார்கள். முன்னே செல்லும் வண்டி வாரியிறைக்கும் பனித்தூள் பின்னே வருபவனின் கண்ணை முற்றாக மறைத்துவிடும். கண்ணை நம்பாது உடம்பின் உணர்ச்சியை நம்பி வண்டியைச் செலுத்தும் பழக்கம் வில்நேவுக்கு அப்போதே வாய்த்தது. 1974 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஈகிள் ரிவரில் நடைபெற்ற உலகப் பனிவண்டிப் பந்தயத்தில் அவரே முதல்வராயினார். மழையிலும் மூடுபனியிலும் அவர் பிறரை விஞ்சியதற்கு இப்பயிற்சியே காரணம் என்று அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். மார்கழி மாதத்து மூடுபனியில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு வண்டியோட்டியவர்கள் இதன் பொருளை நன்குணர்வர்.

1970 இல் ஜோவன் என்னும் நங்கையை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். பந்தயத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. குடியிருந்த வீட்டையே விற்றார். இதனைத் துணிவு என்று புகழ்வாரும் உண்டு. இல்லறத்தானுக்கு அடாத செயல் என்பாரும் உண்டு. யான் இரண்டாஞ் சாராரையே சேர்ந்தவன். எனினும் அவர் மனைவியார் அவ்வாறு எண்ணாது உடன் சென்றார் என்பதையும் சொல்லவேண்டும். வயது முதிர்ந்தவரென்று குழுவினர் ஒதுக்கிவிடுவரோ என அஞ்சித் தாம் பிறந்தது 1952 என்று சொல்லி இரண்டாண்டைக் குறைத்துக்கொண்டதும் உண்டு. தோட்டத்துக் காரியாலயத்திலே பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றைக் கண்ட எனக்கு இஃதொன்றும் புதுமையன்று.

1976 இல் போர்முலா அற்லாண்டிக் எனப்படும் பந்தய வரிசையிலே கனடா, அமெரிக்கா என்னும் இரு நாட்டுப் பட்டங்களையும் ஒருங்கே வென்றார். அவ்வாண்டு கியூபெக்கின் துருவா ரிவியே நகர வீதிகளில் நிகழ்ந்த பந்தயத்துக்கு ஐரோப்பாவிலிருந்து பேர்பெற்ற ஓட்டிகள் விருந்தினராக வந்திருந்தனர். ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஹன்ட் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டே உலக வெற்றிவீரர் ஆனவர். அவரையும் ஏனையோரையும் பின்தள்ளி வில்நேவ் வென்றார். தோற்ற ஹன்ட் மனம் புழுங்காது, தம் மக்லாரன் குழுவினரிடம் இவ்விளைஞரைச் சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தார். பெருந்தன்மை என்பது இதுவன்றோ!

அதன் பயனாக 1977 யூலை மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் மைதானத்திலே வில்நேவ் முதன்முதலாகப் போர்முலா வன் பந்தயத்தில் ஓடினார். பயிற்சியின்போது முடக்குக்கு முடக்கு கார் சுழன்று நின்றது. பார்த்தோர் நகைத்தனர். அவரோ ஒவ்வொரு முடக்கிலும் கார் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை அதனைத் தாண்டிப் பார்த்தே அறிந்துகொண்டிருந்தார். பழைய காரொன்றைக் கொண்டு ஒன்பதாம் இடத்திலே புறப்பட்டார். வெப்பங்காட்டும் கருவி பழுதுற்றதால் இடையிலே தாமதித்துப் பதினோராமவராக முடித்தார். மக்லாரன் குழுவினர் அவரை வைத்துக்கொள்ளவில்லை. இத்தாலியிலே பெராரி நிறுவனத் தலைவர் என்சோ பெராரி அழைத்துக்கொண்டார். அம்முதியவர் இளமையிலே தாம் கண்ட நுவொலாரி என்னும் மாவீரரின் சாயலை இவரிடங் கண்டாராம்.

தொடக்கம் நன்றாக அமையவில்லை. அவ்வாண்டு யப்பான் நாட்டின் பியூஜி மைதானத்தில் இவருடைய கார் முன்னே சென்ற ரோனி பீற்றர்சனின் காரின்மீது மோதி வானிலெழுந்து விழுந்தது. நிற்கக்கூடாத இடத்திலே நின்ற இருவர் உயிரிழந்தனர். வில்நேவ் காயமின்றித் தப்பினார். இந்நிகழ்ச்சியை அவர் வரலாற்றை எழுதுவோர் சிலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தல் தகாது. இரண்டு உயிர்கள் போயின. பின்னாலிருந்து மோதிய கார் அவருடையது.

அடுத்த ஆண்டு சொந்த நாட்டின் மொன்றியல் நகரிலே முதல் வெற்றி கிட்டியது. 1979 ஆம் ஆண்டு அவருக்கு ஏறுமுகம். தென்னாபிரிக்காவிலும் அமெரிக்காவில் இருமுறையுமாக மூன்று பந்தயங்களில் வென்றார். ஆயினும் மக்கள் நினைவிலே நிற்பது அவர் வெல்லாத ஒரு பந்தயம். யூலை முதலாந் திகதி பிரான்சின் டிஜோன் நகரில், ரெனோல்ட் குழுவின் ரெனே ஆர்னூவும் இவரும் இரண்டாம் இடத்துக்காகக் கடைசிச் சுற்றுகளிலே பொருத பொருதல் அது. சில்லோடு சில்லு உராய, ஒருவர் வீதியை விட்டு விலகி மீண்டும் ஏற, ஒருவரையொருவர் பலமுறை முந்தினர். முடிவிலே 0.24 செக்கன் வேறுபாட்டில் வில்நேவ் இரண்டாமவரானார். டேர்போ எஞ்சின் பூட்டிய கார் முதன்முதலாக வென்ற பந்தயமும் அதுவே; வென்றவர் ஆர்னூவின் தோழர் ஜபூயி. அவரைத்தான் பலர் மறந்துவிட்டனர். ஆர்னூவும் வில்நேவும் அதன்பின் நண்பராயினர். மற்றவர் தம்மை வேண்டுமென்றே வீழ்த்தமாட்டார் என்ற நம்பிக்கை இருபாலும் இருந்தமையாலேயே அவ்வாறு பொர முடிந்தது.

அதே ஆண்டு ஒல்லாந்தின் சன்ட்வோர்ட் மைதானத்திலே பின்சில்லின் ரயர் வெடித்துச் சிதறியபோது, நிறுத்தாமல் மூன்று சில்லுகளிலே காரை இழுத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றையும் ஓடி வந்தார். இளைஞர்கள் அதனையே பெரிதும் பாராட்டுவார்கள். எனக்கு அதிலே மதிப்பில்லை. அட்டன் வீதியிலே ஒரு லொறிச் சாரதி அவ்வாறு செய்தால் நாம் பொலிசுக்கு அறிவித்திருப்போம்.

ஆண்டிறுதியிலே, இத்தாலியின் மொன்சாவில், அவருடைய பண்பை அளந்துகாட்டும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பெராரிக் குழுவின் மூத்த ஓட்டியான தென்னாபிரிக்கர் ஜோடி ஷெக்டர் முன்னே சென்றார். அவர் வென்றால் உலகப்பட்டம் அவருக்கு உறுதி. வில்நேவ் பின்னால் ஒட்டியபடியே வந்தார். முந்தியிருந்தால் பட்டத்துக்குரிய வாய்ப்பு அவருக்கே திறந்திருக்கும். குழுவின் கட்டளை முந்தாதே என்பது; அவர் முந்தவில்லை. ஷெக்டர் வெற்றிவீரரானார். நான்கு புள்ளிகள் குறைவாகப் பெற்று வில்நேவ் இரண்டாமவரானார். சொன்ன சொல்லையும் குழுவின் கட்டளையையும் காத்தால் தம் முறை பின்னர் வரும் என அவர் நம்பினார். வாசகர் இதனை நினைவில் இருத்துக.

1980 பெராரிக்கு இருண்ட ஆண்டு. அதனைக் கடந்து செல்வோம்.

1981 இலே பெராரியும் டேர்போ எஞ்சினுக்கு மாறிற்று. வெளியேறும் புகையின் விசையாற் சுழலியொன்றைச் சுழற்றி எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைத் திணிப்பது அதன் முறை. ஆற்றல் மிகுதி, ஆனால் மிதித்தவுடன் வாராது. சுழலி வேகங்கொள்ளும்வரை எஞ்சின் சோம்பிக் கிடந்து, பின் திடீரெனக் குதிரைபோற் பாயும். ஆதலின் வேகமிதியை வேண்டிய கணத்துக்குச் சற்று முன்னரே மிதித்தாக வேண்டும். இதனினும் பெருங்குறை காரின் உடலமைப்பில் இருந்தது. ஓடும்போது காற்றின் விசையாற் காரை நிலத்தோடு அழுத்திப் பிடிக்கும் திறனிலே பிரித்தானியக் கார்கள் பெராரியை வெகுவாக விஞ்சியிருந்தன. சுருங்கச் சொன்னால், நேர்வீதியிலே குதிரை, முடக்கிலே எருமை. அத்தகைய காரைக் கொண்டு மே 31 ஆந் திகதி மொனாக்கோவின் குறுகிய வீதிகளிலே அவர் வென்றமை யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. மூன்று வாரங்களின் பின்னர், யூன் 21 இல், ஸ்பெயின் தலைநகரான மட்றிட்டை அடுத்த ஹராமா மைதானத்திலே அவர் செய்ததே இக்கட்டுரைக்கு வித்து.

ஹராமா 3.3 கிலோமீற்றர் நீளமுடைய ஒடுங்கிய மைதானம். ஒரேயொரு நீண்ட நேர்வீதி. எஞ்சியதெல்லாம் முடக்கின்மேல் முடக்கு. முந்துதற்குத் தக்க இடம் நேர்வீதியின் முடிவில் உள்ள முதல் முடக்கு ஒன்றே எனலாம். எண்பது சுற்றுகள். ஸ்பெயின் நாட்டுக் கோடை வெயில் தீயாய்ச் சுட்டது. வில்நேவ் புறப்பட்டது ஏழாம் இடத்தில். பந்தயம் தொடங்கியதும் காற்றுப்போற் பாய்ந்து முதல் முடக்கிலேயே மூன்றாமவரானார். முதற்சுற்று முடிந்து நேர்வீதிக்கு வந்ததும் ஆர்ஜன்ரீனரான கார்லொஸ் ரொய்ட்டமனைக் கடந்து இரண்டாமவரானார். முன்னே அவுஸ்திரேலியரான அலன் ஜோன்ஸ் தனியே பறந்துகொண்டிருந்தார். பதினான்காஞ் சுற்றிலே ஜோன்ஸ் தவறி வீதியை விட்டு விலகினார். வில்நேவ் முதல்வரானார். இனி அறுபத்தாறு சுற்றுகள், பின்னால் வருபவர் யாவரினும் முடக்குகளிலே மெதுவான காரைக்கொண்டு, முதலிடத்தைக் காத்தாகவேண்டும்.

அவர் செய்த சூழ்ச்சி எளிது. செய்து முடிப்பதே அரிது. நேர்வீதிக்கு இட்டுச் செல்லும் இறுதி முடக்கிலே தம் திறமை முழுவதையும் செலவிட்டார். அங்கிருந்து பிசகின்றி, சுழலி சோம்பாது, சில்லு வழுக்காது வெளியேறினால், எஞ்சினின் ஆற்றல் அவரை நேர்வீதியிலே முன்னுக்குக் கொண்டுபோய்விடும். முதல் முடக்கின் பிறேக் இடத்தை அடையும்போது பின்னவன் பக்கத்தில் வர எட்டாதவனாக இருப்பான். அதன்பின் வரும் முடக்குகளிலே பின்னவர்கள் முட்டுவதுபோல் நெருங்குவர், நெருங்கட்டும். முந்த அகலம் இல்லாத இடங்களிலே தமக்குரிய தடத்திலேயே, வலமும் இடமும் அலையாது, ஒவ்வொரு சுற்றும் அதே இடத்திற் பிறேக் பிடித்து, அதே இடத்தில் உள்ளோரந் தொட்டுச் சென்றார். அவர் எங்கே இருப்பார் என்பது பின்னவர்களுக்கு நன்கு தெரியும். தெரிந்தும் பயனில்லை, அவர் இருக்கும் இடமே அவர்களுக்கு வேண்டிய இடமாக இருந்தது.

ரொய்ட்டமன் நெடுநேரம் நெருங்கி வந்தார். கியர்த் தொல்லை அவரை வருத்தியது. முதலிடத்திற் புறப்பட்டும் தொடக்கத்திலே பின்தங்கிவிட்ட பிரெஞ்சுக்காரர் ஜாக் லாபீட், ஒருவர்பின் ஒருவராகக் கடந்து இறுதிப் பகுதியிலே வில்நேவின் வாலைப் பிடித்தார். வட அயர்லாந்தினர் ஜோன் வொட்சனும், ரொய்ட்டமனும், இத்தாலியர் எலியோ டி ஆஞ்சலிசும் அவருக்குப் பின்னே. ஐந்து கார்களும் ஒரு கயிற்றிற் கோத்தனபோலச் சுற்றிச் சுற்றி வந்தன. ரயர்கள் தேய்ந்துவிட்டன. ஒரு முடக்கிலே ஒரு முழம் விலகினால் நால்வரும் ஒருங்கே கடந்துவிடுவர், முதல்வர் ஐந்தாமவராவார். ஒரு மணி 46 நிமிடத்துக்கு மேல் நீடித்த அப்பந்தயத்திலே அந்த ஒரு முழம் கிடைக்கவேயில்லை. லாபீட் 0.22 செக்கன் பின்னே. ஐந்தாமவரான டி ஆஞ்சலிஸ் 1.24 செக்கன் பின்னே. ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்குள் ஐவரும் கோட்டைக் கடந்தனர்.

எஞ்சினின் வலிமையே வென்றது, ஓட்டியின் திறமையன்று என்று குறை கூறினாரும் உளர். வலிமை நேர்வீதியிலேதான் உதவும். அதனைத் தவறான கணத்தில் மிதித்தால் அதுவே காரைச் சுழற்றி எறிந்துவிடும். அறுபத்தாறு முறை அதே கணத்திலே மிதித்தவர் யாரோ, அவருக்கே அவ்வெற்றி உரியது. முரடர் என்றும், காரை உடைப்பவர் என்றும், பொறுமையற்றவர் என்றும் ஏசப்பட்ட மனிதர் அன்று காட்டியது பொறுமை ஒன்றையே. பின்னே வந்த நால்வரில் ஒருவரையாவது அவர் முறைகேடாகத் தடுக்கவில்லை. அது அவருடைய ஆறாவது வெற்றி. அதுவே கடைசியுமாயிற்று. ஹராமாவிலும் அதன்பின் போர்முலா வன் பந்தயம் நடைபெறவில்லை.

நிற்க. பகைவரிடமிருந்து இடத்தைக் காக்க வல்லவரான அவர், நண்பனிடமிருந்து காக்கவேண்டும் என்று எண்ணவில்லை.

1981 முதல் அவருக்குக் குழுத்தோழராக வாய்த்தவர் பிரான்சியரான டிடியே பிரோனி. இருவரும் நெருங்கிப் பழகினர். 1982 ஏப்பிரில் 25 இல் இத்தாலியின் இமோலா மைதானத்திலே சன் மரினோப் பந்தயம் நடந்தது. குழுக்களுக்கிடையே எழுந்த பூசலாற் பல குழுக்கள் வாராதொழிய, பதினான்கு கார்களே ஓடின. ரெனோல்ட் கார்கள் பழுதாகி நின்றுவிட்டபின், பெராரிக் கார்கள் இரண்டும் எதிரியின்றி முதலிரு இடங்களில் ஓடின. வில்நேவ் முன்னே, பிரோனி பின்னே. எரிபொருள் போதாமற் போகலாம் என்னும் அச்சத்தால், மெதுவாகச் செல்க என்னும் பலகையைக் குழுவினர் காட்டினர். இருக்கும் வரிசையிலேயே முடிக்கவேண்டும் என்பதே அதன் பொருள் என்று வில்நேவ் கொண்டார். அப்படியொரு கட்டளை இல்லையென்று பிரோனி கொண்டார். பிரோனி முந்தினார், வில்நேவ் மீண்டும் முந்தி வேகத்தைக் குறைத்தார். பார்வையாளரை மகிழ்விக்கத் தோழன் விளையாடுகிறான் என்றே அவர் நினைத்தார். கடைசிச் சுற்று. வில்நேவ் முன்னே இருந்தார். பிரோனி முந்தினார், வென்றார்.

மேடையில் நின்ற வில்நேவின் முகத்தைப் படத்திற் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மொன்சாவிலே தாம் ஷெக்டருக்குப் பின்னே கைகட்டி வந்தது அவர் நெஞ்சிலே எழுந்திருக்கும் என்பது என் எண்ணம். பிரோனியோடு இனி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று உறுதி பூண்டார்; அவ்வாறே பேசவில்லை. யார்மேற் குற்றம் என்பதை இன்றளவும் வாதாடுகின்றனர். பிரோனியின் பக்கத்திலும் நியாயம் சிறிது உண்டு; பலகையில் எழுதியிருந்தது மெதுவாக என்பதேயன்றி முந்தாதே என்பதன்று.

பதின்மூன்று நாட்கள் கழிந்தன. மே 8 ஆந் திகதி, பெல்ஜியத்தின் சொல்டர் மைதானத்திலே, மறுநாட் பந்தயத்துக்குரிய வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டம் நடந்தது. பிரோனியின் நேரம் வில்நேவின் நேரத்தினும் ஏறக்குறைய ஒரு செக்கனிற் பத்திலொரு பங்கு குறைவு. ஓட்டம் முடிய எட்டு நிமிடமளவே எஞ்சியிருந்தது. தேய்ந்த ரயர்களோடு வில்நேவ் விரைந்து வந்தார். முன்னே ஜேர்மனியரான யோகன் மாஸ் மெதுவாகச் சென்றுகொண்டிருந்தார்.

மலைவீதியிலே வண்டியோட்டுவோர் அனைவர்க்கும் இந்தக் கணம் தெரியும். பின்னே விரைந்து வருபவனைக் கண்ணாடியிற் கண்ட முன்னவன் வழிவிட எண்ணி ஒதுங்குகிறான். எந்தப் பக்கம் ஒதுங்குவான் என்பதைப் பின்னவன் கணிக்கவேண்டும். நம் லொறிச் சாரதிகள் கையை வெளியே நீட்டிக் காட்டுவார்கள். மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் கைகாட்ட நேரமில்லை. மாஸ், வில்நேவ் இடப்புறத்தால் முந்தட்டும் என்று வலப்புறம் ஒதுங்கினார். அதே கணத்தில் வில்நேவ் வலப்புறத்தால் முந்த எண்ணி அப்பக்கமே திரும்பினார். பெராரியின் முன்சில்லு மாசின் காரின் பின்சில்லிலே ஏறியது. கார் வானிலெழுந்து சிதறியது. இருக்கையோடு வெளியே எறியப்பட்ட வில்நேவ் அன்றிரவு லூவென் நகர வைத்தியசாலையில் உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டு. மாஸ்மீது குற்றம் காணப்படவில்லை. அவர் செய்ததெல்லாம் வழிவிட்டதே.

பெராரிக் குழுவினர் மறுநாட் பந்தயத்தில் ஓடாது திரும்பிச் சென்றனர். அதனை வென்றவர் ஜோன் வொட்சன். ஹராமாவிலே மூன்றாமவராக வந்து முந்த வழி காணாதவர்.

வில்நேவ் அறுபத்தேழு பந்தயங்களில் ஓடி ஆறில் வென்றவர்; உலகப் பட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. இவற்றை மாத்திரம் பார்த்தால் இவரினும் மேம்பட்டோர் பலர். ஆயினும் மொன்றியல் மைதானத்துக்கு அவருடைய பெயரையே சூட்டினர். பேர்த்தியேவிலில் அவர் நினைவாக ஓர் அரும்பொருட் காட்சியகம் இருக்கின்றது. தந்தை இறந்தபோது பதினொரு வயதினராயிருந்த மகன் ஜாக், 1997 இல் உலக வெற்றிவீரர் ஆனார்.

பிரோனியின் கதையையும் சொல்லிவிடுகின்றேன். அவ்வாண்டு அவரே பட்டத்தை வெல்வார் என்று யாவரும் எதிர்பார்த்திருக்க, ஆகத்து மாதத்தில் ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் மைதானத்திலே, மழைநீர்த் திரையினூடு, முன்னே சென்ற அலன் புறொஸ்டின் காரின் பின்சில்லிலே அவருடைய கார் ஏறி வானிலெழுந்தது. சொல்டரில் நிகழ்ந்தவாறே நிகழ்ந்தது. உயிர் மாத்திரம் எஞ்சியது. கால்கள் நொறுங்கின. அதன்பின் அவர் போர்முலா வன் பந்தயத்தில் ஓடவில்லை. ஐந்து புள்ளி வேறுபாட்டிற் பட்டமும் கைநழுவிற்று. 1987 ஆகத்து 23 இல், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவருகே விசைப்படகுப் பந்தயத்தில் உயிரிழந்தார். அப்பொழுது அவருடைய துணைவியார் கருவுற்றிருந்தார். பின்னர் பிறந்தவர் இரட்டை ஆண்மக்கள். தாயார் ஒருவனுக்கு டிடியே என்றும் மற்றவனுக்கு ஜில் என்றும் பெயரிட்டார்.

அந்த ஜில் பிரோனி பொறியியலாளராகி மெர்சிடிஸ் குழுவிற் சேர்ந்தார். 2020 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திலே பிரித்தானியப் பந்தயத்தை அக்குழு வென்றபோது, குழுவுக்குரிய வெற்றிக் கிண்ணத்தை மேடையேறி வாங்கியவர் அவரே. பந்தயம் நடந்த இடம் சில்வர்ஸ்டன்.